ஓசூர் ஹேங்கரும் 400 கோடியும்: பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்த ஒரு நிறுவனம் கைமாறிய கதை

2024 டிசம்பர் பிற்பகுதியில் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் ஒரு செய்தி வந்து போனது. ஏர் வொர்க்ஸ் என்ற நிறுவனத்தின் 85.8 சதவீதப் பங்குகளை அதானி டிஃபென்ஸ் நிறுவனம் வாங்குகிறது. அந்த நிறுவனத்தின் மொத்த மதிப்பு 400 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. செய்தி அவ்வளவுதான். அதானி குழுமம் துறைமுகம் வாங்குவதும் சிமெண்ட் ஆலை வாங்குவதும் நமக்குப் பழகிப்போன விஷயங்கள். அதனால் இதையும் பலர் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள்.

அப்படிப் போய்விடக் கூடாத செய்தி இது என்பது நம் கருத்து. ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தின் முக்கியமான பட்டறை இருப்பது தமிழகத்தில், ஓசூரை ஒட்டிய பெலகொண்டப்பள்ளியில். அங்கே பிரித்துச் சரிபார்க்கப்படும் விமானங்களில் பயணிகள் விமானங்கள் மட்டுமல்ல, இந்தியக் கடற்படையின் விமானங்களும் உண்டு. அந்தக் கடற்படை விமானங்களின் முதல் தளமும் தமிழகத்தில்தான் இருக்கிறது, அரக்கோணத்தில்.

காரியாபட்டியில் உட்கார்ந்துகொண்டு ஓசூரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பிளஸ் டூ முடிவு வந்ததும் கல்குறிச்சி, மல்லாங்கிணறு, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று நம் சுற்றுவட்டாரப் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "ஹஜ்ரத், பையனை ஏரோ படிப்பில் சேர்த்துவிடலாமா?" என்பது. மானாவாரிக் காட்டையும் சீமைக் கருவேலக் கரி மூட்டத்தையும் நம்பி அடுத்த தலைமுறையை விட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். மதுரை விமான நிலையம் பக்கத்தில். தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். லட்சக்கணக்கில் பணம் கட்டப் போகிற பெற்றோருக்கு அந்தத் துறை எப்படி நடக்கிறது, அதில் யார் முதலாளி, யார் வாடிக்கையாளர் என்று ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஏர் வொர்க்ஸ் கதை நல்ல பாடம்.

செய்வது வேறு, பார்த்துக்கொள்வது வேறு

பாதுகாப்புத் துறை என்றதும் பீரங்கி, துப்பாக்கி, ஏவுகணை செய்கிறவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆயுதம் எதையும் செய்யாமல், ராணுவம் வாங்கிவைத்திருப்பவற்றைப் பழுதுபார்ப்பது, பயிற்சி கொடுப்பது, சமைத்துப் போடுவது, காவல் காப்பது, மொழிபெயர்ப்பது போன்ற வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர்கள். பாதுகாப்புச் சேவை ஒப்பந்த நிறுவனங்கள் என்று சொல்வது இவர்களைத்தான்.

நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டுமானால் கிணற்று மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். மோட்டாரை ஒருமுறைதான் வாங்குகிறோம். காயில் கட்டுகிறவரிடம் ஆயுள் முழுக்கப் போய் நிற்கிறோம். மோட்டார் விற்ற கடைக்காரரை மறந்துவிடுவோம், காயில் கட்டுகிறவரை மறக்க முடியாது. கோடையில் பயிர் வாடும்போது அவர் கடை பூட்டியிருந்தால் நமக்கு வேறு கதி இல்லை. விமானமும் அப்படியே. முப்பது ஆண்டு பறக்கப் போகிற ஒரு விமானத்துக்கு, வாங்கிய செலவைவிட வைத்துக் காப்பாற்றும் செலவு அதிகமாகிவிடுவது சாதாரணம்.

விமானத் துறையில் இந்த வேலைக்கு எம்.ஆர்.ஓ. என்று பெயர். பராமரிப்பு, பழுதுநீக்கம், முழுச் சீரமைப்பு என்ற மூன்றும் சேர்ந்தது. விமானம் தரையிறங்கி அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் இடைவெளியில் டயர், எண்ணெய், விளக்கு பார்ப்பது ஒரு வகை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹேங்கர் எனப்படும் பெரிய கொட்டகைக்குள் விமானத்தை இழுத்துவந்து, இருக்கைகளையும் தரைப் பலகைகளையும் கழற்றி, எலும்புக்கூடு தெரியும் அளவுக்குப் பிரித்து, துரு ஏறியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் பணமும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

1951 முதல்

ஏர் வொர்க்ஸ் தொடங்கப்பட்டது 1951-ல், மும்பையில். சுதந்திரம் கிடைத்து நான்கே ஆண்டுகள். மேனன் குடும்பத்தினர் நடத்திய நிறுவனம். அப்போது நாட்டில் தனியார் விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. 1953-ல் விமானப் போக்குவரத்தே அரசுடைமை ஆனது; பெரிய விமானங்களை அரசு நிறுவனங்களே பார்த்துக்கொண்டன. ஆகவே பல பத்தாண்டுகள் இது பெரிதாக வளர வழியில்லாத தொழிலாகவே இருந்தது.

1990-களில் தனியார் விமான நிறுவனங்கள் வந்தன. அடுத்த பத்தாண்டில் மலிவுக் கட்டண விமானங்கள் வந்தன. பழுதுபார்க்க ஆள் தேவைப்பட்டது. வெளி முதலீட்டாளர்கள் ஏர் வொர்க்ஸில் பணம் போட்டார்கள்; பஞ்ச் லாய்டு என்ற பெரிய கட்டுமான நிறுவனமும் பங்குதாரராகச் சேர்ந்தது. 2010-ல் பிரிட்டனில் விமானங்களுக்கு வண்ணம் பூசும் ஏர் லிவரி நிறுவனத்தை ஏர் வொர்க்ஸ் வாங்கியது. பின்னால் தானே விற்கப்பட்ட நிறுவனம், ஒரு காலத்தில் மற்றவரை வாங்கியும் இருக்கிறது. பங்குதாரரான பஞ்ச் லாய்டு 2019-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. இந்தத் தொழிலில் யாருடைய நாற்காலியும் நிரந்தரம் இல்லை.

ஓசூர் ஏன்? பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான தனியார் ஓடுதளம் இருந்தது. பெங்களூரு அருகில். பெங்களூருவில் எச்.ஏ.எல். நிறுவனமும் விமானப்படையும் பல தலைமுறையாக உருவாக்கிவைத்த கைத்திறன் இருக்கிறது. மும்பை, டெல்லி போல இடவாடகை கழுத்தை நெரிக்காது. அந்த வளாகத்தில் ஏர் வொர்க்ஸ் பட்டறை அமைந்தது.

இடம் அமைந்தாலும் தொழில் எளிதாக இருக்கவில்லை. நம் நாட்டு விமானங்களில் பெரும்பகுதி, பெரிய சீரமைப்புக்கு சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இலங்கைக்கும் போய்க்கொண்டிருந்தன. காரணம் விசித்திரமானது. இந்தியாவில் வேலை செய்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெளிநாட்டில் செய்துவந்தால் அதைவிடக் குறைவு. நம் ஊர்த் தையற்காரருக்கு வரி போட்டு, வெளியூரில் தைத்துவந்தால் சலுகை என்று சொல்வது போன்ற ஏற்பாடு. 2020 ஏப்ரலில் அந்த 18, 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உதிரி பாகங்களின் இறக்குமதி வரி மட்டும் பொருளுக்கு ஒரு விகிதமாகச் சிதறிக் கிடந்தது. 2024 ஜூலையில் அதுவும் ஒரே சீராக 5 சதவீதம் ஆனது. இதற்கு நடுவே கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் பறப்பதை நிறுத்தின. விமான நிறுவனங்களுக்குக் கடனுக்கு வேலை செய்பவர்கள் எவ்வளவு நடுங்கியிருப்பார்கள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் பாதுகாப்புத் துறையின் அருமை தெரியும். அரசு தாமதமாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் கடற்படை திவால் ஆகாது.

அரக்கோணத்திலிருந்து ஓசூருக்கு

2009 ஜனவரியில் இந்தியா அமெரிக்காவின் போயிங் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. நீண்டதூரக் கடல் ரோந்துக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்குமான பி-8ஐ ரக விமானங்கள் எட்டு. விலை 210 கோடி டாலர்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். முதல் விமானம் 2013 மே மாதம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்துக்கு வந்துசேர்ந்தது. 2016-ல் மேலும் நான்குக்கு உத்தரவு போனது. இப்போது மொத்தம் 12. அரக்கோணத்தில் ஓர் அணி, கோவாவில் ஓர் அணி.

இந்த விமானத்தை ஒரு தனியார் பட்டறை எப்படிப் பராமரிக்க முடிகிறது? விடை அதன் பிறப்பில் இருக்கிறது. பி-8ஐ புதிதாகப் பிறந்த போர் விமானம் அல்ல. நாம் சென்னையிலிருந்து துபாய்க்குப் போகிற போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலை எடுத்து, உள்ளே ரேடார், ஒலியுணர் கருவிகள், டார்பிடோ எல்லாம் பொருத்தியது. உடலும் சக்கரமும் 737 குடும்பத்தைச் சேர்ந்தவை. 737-ஐப் பிரித்துப் பழகிய கைகள் இதையும் பிரிக்க முடியும். அதோடு கடல் ரோந்து விமானம் உப்புக் காற்றிலேயே வாழ்கிறது. அலைக்குக் கிட்டத்தில் தாழப் பறக்கிறது. நம் ஊர் இரும்பு கேட் பத்து வருடம் தாங்கும். அதே கேட் ராமேஸ்வரத்தில் மூன்றாம் வருடமே பொரிந்து உதிரும். ஆகவே துரு பார்ப்பதும் துரு நீக்குவதும் இந்த விமானத்துக்கு உயிர் போன்ற வேலை.

2021-ல் போயிங்கும் ஏர் வொர்க்ஸும் கூட்டு ஏற்பாட்டை அறிவித்தன. 2022-ல் ஒரே நேரத்தில் மூன்று பி-8ஐ விமானங்கள் ஓசூரில் பிரிக்கப்பட்டு வேலை நடந்தது. விமானப்படையில் மிக முக்கியப் பிரமுகர்களை ஏற்றிச் செல்லும் 737 விமானங்களும் இதே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. எழுபது ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் ஓடிய நிறுவனம், நாட்டின் கடற்கண்ணைத் துடைத்துக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. வாங்குகிறவர்களின் கண்ணும் அப்போதுதான் அதன் மேல் விழுந்தது.

400 கோடி என்றால் என்ன?

2022 அக்டோபரிலேயே அதானி டிஃபென்ஸ் ஏர் வொர்க்ஸை வாங்கப்போவதாக அறிவித்தது. அப்போதும் சொன்ன எண் 400 கோடி. பங்கு கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தான 2024 டிசம்பரிலும் அதே 400 கோடி. இடையில் இரண்டு ஆண்டுகள் போயின, வரி குறைந்தது, எண் மட்டும் அசையவில்லை.

"400 கோடி கொடுத்து வாங்கினார்கள்" என்று பலரும் எழுதினார்கள். அது சரியல்ல. இது 'என்டர்பிரைஸ் வேல்யூ', அதாவது நிறுவனத்தின் முழு மதிப்பு. கடைத்தெருவில் ஒரு கடையைச் சரக்கோடும் கடனோடும் சேர்த்து 40 லட்சம் என்று பேசி முடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடை மேல் வங்கிக் கடன் 15 லட்சம் இருந்தால் அதையும் நாம்தான் அடைக்க வேண்டும். பழைய உரிமையாளர் கைக்குப் போவது 25 லட்சம்தான். கல்லாவில் ரொக்கம் இருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறுவன மதிப்பும் இப்படித்தான் கடனைச் சேர்த்து, ரொக்கத்தைக் கழித்துப் போடப்படுகிறது. ஆகவே 400 கோடியில் 85.8 சதவீதம் என்று பெருக்கி, பங்குதாரர்கள் 343 கோடி வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்வதும் தப்புக் கணக்கு.

இன்னொரு கணக்கு நமக்குச் சுவையாகப் படுகிறது. எட்டு ரோந்து விமானங்களின் ஒப்பந்தத் தொகையை எட்டால் வகுத்தால் ஒன்றுக்கு 1,000 கோடிக்கு மேல் வருகிறது. அந்த விமானங்களைப் பிரித்து மாட்டத் தெரிந்த நிறுவனம், 35 நகரங்களில் கிளைகளோடும் 1,300-க்கு மேற்பட்ட ஊழியர்களோடும் ஓசூர், மும்பை, கொச்சி ஹேங்கர்களோடும் சேர்த்து, ஒரு விமானத்தின் பாதி விலைகூட இல்லை. கைத்திறனுக்கு உலகம் போடும் விலை இப்படித்தான் இருக்கிறது, உள்ளூர் ஆசாரிக்கும் சரி, விமான மெக்கானிக்குக்கும் சரி.

அப்படியானால் உண்மையில் வாங்கியது எதை? கொட்டகை வாடகைக்குக் கிடைக்கும். கருவிகளைக் காசு கொடுத்து இறக்கலாம். காசு கொடுத்தாலும் உடனே கிடைக்காதவை இரண்டு. ஒன்று, அங்கீகாரங்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் விமானத்துறை அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே செய்த வேலையை நாங்கள் ஏற்கிறோம் என்று கொடுத்த அனுமதிகள். புதிதாக ஆரம்பிப்பவர் இதற்குப் பல ஆண்டுகள் அலைய வேண்டும். இரண்டு, பழகிய கைகளும் பழைய வாடிக்கையும். கடற்படையும் போயிங்கும் ஒரு பட்டறையை நம்பிவிட்டால் லேசில் மாற்ற மாட்டார்கள். அந்த நம்பிக்கைதான் கைமாறியிருக்கிறது. நம் வழக்கில் சொன்னால், அது ஓர் அமானிதம்.

ஒரே கைக்குள்

வாங்கியவரின் பக்கத்து நியாயம் எளிது. அந்தக் குழுமத்திடம் மும்பை, அகமதாபாத், லக்னோ, ஜெய்ப்பூர், கவுகாத்தி, திருவனந்தபுரம், மங்களூரு விமான நிலையங்கள் இருக்கின்றன. விமானம் இறங்கும் இடம் தன்னுடையது என்றால், பழுதுபார்க்கும் இடமும் தன்னுடையதாக இருப்பது வியாபாரத்துக்கு நல்லது. 2025 ஆகஸ்டில் நாக்பூரில் உள்ள இண்டாமர் டெக்னிக்ஸ் என்ற இன்னொரு பராமரிப்பு நிறுவனத்தைக் கூட்டாளியுடன் சேர்ந்து வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் விமானிகளுக்குப் பயிற்சி தரும் எஃப்.எஸ்.டி.சி. நிறுவனத்தில் 72.8 சதவீதம்; மதிப்பு 820 கோடி. பழுதுபார்ப்பவரைவிட ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு இரு மடங்கு விலை!

பெரிய கை வந்தால் நன்மையும் உண்டு. புதிய ஹேங்கர் கட்டப் பணம் இருக்கும், சம்பளம் தாமதமாகாது, சிங்கப்பூருக்குப் போகும் வேலை இங்கே திரும்பலாம். வாங்குகிறவரின் பெயரைப் பார்த்ததுமே எதிர்ப்பதில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கவலை ஒன்று இருக்கிறது. பல சிறிய பட்டறைகள் இருந்தபோது கடற்படைக்கு "நீ இல்லாவிட்டால் இன்னொருவர்" என்று சொல்லும் பலம் இருந்தது. எல்லாம் ஓரிரண்டு குழுமங்களுக்குள் போய்விட்டால் விலை பேசும் பலம் வாங்குகிறவரிடமிருந்து விற்கிறவரிடம் போய்விடும். செலவாவது மக்களின் வரிப் பணம். ஏர் இந்தியாவை டாடாவுக்கு விற்றபோது அதன் பொறியியல் பிரிவு அரசிடமே தங்கியது. அந்தப் பிரிவையும் விற்கத்தான் பேச்சு நடக்கிறது. அதையாவது அரசு தன் கையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று நமக்குத் தோன்றுகிறது.

படைச் சேவையை ஒரே கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய உதாரணம் உண்டு. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவிடம் போதிய படை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து படைச் சேவையை விலைக்கு வாங்கினார். பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்க, திருநெல்வேலியில், மதுரையில், இராமநாதபுரத்தில் சண்டை போடக் கம்பெனிச் சிப்பாய்கள் வந்தார்கள். சம்பளம் நவாப் கணக்கில் ஏறியது. கட்ட முடியாமல் கடன் ஆனது. கடனுக்கு ஈடாக வரி வசூல் உரிமையே போனது. 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் அதிகாரம் கம்பெனிக்குச் சென்றது. 1801-ல் கர்நாடக அரசே கம்பெனி வசம் ஆனது. காரியாபட்டியும் திருச்சுழியும் சேர்ந்த இந்தச் சீமையை அப்படித்தான் நவாப் இழந்தார். ஒப்பந்தக்காரர் வாடிக்கையாளரையே வாங்கிவிட்டார்! இன்றைய இந்திய அரசு வாலாஜா நவாப் அல்ல, அந்த ஒப்பீட்டை நாம் இழுக்கவில்லை. ஆனாலும் கடைக்காரர் ஒருவரே என்றால் கடன் நோட்டை எழுதுபவரும் அவரே என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

வாங்கும்போது கூடவே வருவது

சொத்தோடு பொறுப்பும் வரும் என்பதற்கு அமெரிக்காவின் சி.ஏ.சி.ஐ. நிறுவனத்தின் கதை போதும். 1962-ல் கணினி மென்பொருள் வேலைக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். தொடங்கியவர்களில் ஒருவர் பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹாரி மார்கோவிட்ஸ். அரசு ஒப்பந்தங்களாலும், மற்ற நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கியும் வளர்ந்தது. 2003-ல் அது பிரீமியர் டெக்னாலஜி குரூப் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. அந்தச் சிறு நிறுவனத்திடம் தகவல் தொழில்நுட்பச் சேவைக்கான ஓர் ஒப்பந்தம் இருந்தது. கொடுமை என்னவென்றால், கணினி வேலைக்கான அந்த ஒப்பந்தத்தைப் பயன்படுத்தித்தான் ஈராக்கின் அபூ கிரைப் சிறைக்கு விசாரணையாளர்கள் அனுப்பப்பட்டார்கள்.

அங்கே நடந்தது 2004 ஏப்ரலில் படங்களாக வெளிவந்தபோது உலகமே பார்த்தது. 2008-ல் ஈராக்கியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 16 ஆண்டுகள் இழுத்தது. 2024 நவம்பரில் வர்ஜீனியா நீதிமன்ற ஜூரி, மூன்று ஈராக்கியர்களுக்கு மொத்தம் 4.2 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. அதே சிறைக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பிய டைட்டன் நிறுவனத்தை 2005-ல் எல்-3 வாங்கியது. பிறகு அதிலிருந்து எஞ்சிலிட்டி என்று ஒன்று பிரிந்தது. 71 பேருக்கு 52.8 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்துச் சமரசம் ஆனது இந்த எஞ்சிலிட்டி வழியாகத்தான். பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியும் கணக்கு பின்னாலேயே வந்தது. ஆனால் வந்துசேர எட்டு ஆண்டுகளும் வெளிநாட்டு வழக்கறிஞர்களும் தேவைப்பட்டார்கள்.

ஓசூர்ப் பட்டறைக்கும் அபூ கிரைபுக்கும் சம்பந்தம் இல்லை. விமானத்தின் துரு நீக்குவது யாரையும் வதைப்பதல்ல. அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒப்பந்த நிறுவனம் கைமாறும்போது யார் யாருக்குப் பொறுப்பு என்ற கேள்வி மங்கிப்போகும் என்பதை. அதனால்தான் அரசு, இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் உரிமையாளர் மாறும்போது முன்அனுமதியும் புதிய பொறுப்புப் பத்திரமும் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் இளைஞர்கள் சிலர் கேட்கும் கேள்வியையும் தவிர்க்க முடியாது. ஹைதராபாத்தில் 2018 டிசம்பரில் அதானி குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் சேர்ந்து ஹெர்மஸ் 900 ரக டிரோன் ஆலையைத் திறந்தன. காஸா மீது பறந்த ரகங்களில் அதுவும் ஒன்று. "அந்த முதலாளியின் ஓசூர்ப் பட்டறையில் வேலை பார்க்கலாமா?" என்பது கேள்வி. நாம் இங்கே ஃபத்வா எழுத வரவில்லை. தன் நாட்டின் கரையைக் காக்கும் விமானத்தைப் பழுதுபார்ப்பது ஒரு வேலை. அப்பாவிகள் மேல் குண்டு போடும் கருவியைச் செய்வது வேறு வேலை. ஒருவன் தன் கை எதைத் தொடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். முதலாளியின் மற்ற ஆலைகளுக்கெல்லாம் கூலிக்காரனைக் குற்றம் சொன்னால், நாம் வாங்கும் அரிசி, எண்ணெயிலிருந்து எத்தனையோ விஷயங்களில் நாமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மனம் ஒப்பவில்லை என்று ஒதுங்குகிறவரின் பேணுதலையும் நாம் மதிக்கிறோம்.

பையனைச் சேர்க்கலாமா?

பெற்றோரின் கேள்விக்கு வருவோம். இந்தத் துறையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று நிறுவனத்துக்கு: பட்டறையாக இயங்க டிஜிசிஏ கொடுக்கும் 'கார் 145' அங்கீகாரம். இன்னொன்று ஆளுக்கு: விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம், 'கார் 66'. நிறுவனம் விற்கப்பட்டால் முதல் காகிதம் முதலாளியோடு போகும். இரண்டாவது அந்தப் பையனின் பெயரில் இருக்கும், யாரும் விற்க முடியாது. வேலை முடிந்தபின் "இந்த விமானம் பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போடுகிறவன் அவன்தான். அதானி வாங்கினாலும் டாடா வாங்கினாலும் அந்தக் கையெழுத்து வேண்டும்.

நம் பகுதியில் பெரும் குழப்பம் இங்கேதான். 'ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்' என்ற நான்காண்டுப் பட்டமும், 'ஏ.எம்.இ.' எனப்படும் பராமரிப்புப் பொறியாளர் படிப்பும் ஒன்றல்ல. முதலாவது வடிவமைப்பு, ஆராய்ச்சிக்கான பட்டப் படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. இரண்டாவதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும், அல்லது பொறியியல் டிப்ளமோ. படிப்போடு டிஜிசிஏ நடத்தும் மாட்யூல் தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். உண்மையான விமானத்தில் வேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். எந்திரமும் உடலும் பார்ப்பது பி1, மின்னணுக் கருவிகள் பார்ப்பது பி2. உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கல்லூரிச் சான்றிதழ் கையில் வந்தும் மாட்யூல் தேறாமல் தேங்கி நிற்கும் பிள்ளைகள் உண்டு. விளம்பரப் பலகையில் இதைப் போட மாட்டார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம் புல்லூரில் சேது பொறியியல் கல்லூரி 1995-லிருந்து நடக்கிறது. இயந்திரவியலோ மின்னணுவியலோ படித்துவிட்டு, எச்.ஏ.எல். போன்ற நிறுவனங்களில் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. ஃபிட்டர், வெல்டர், பெயிண்டர் முடித்தவர்களுக்கும் ஹேங்கரில் வேலை உண்டு. விமானத்துக்கு வண்ணம் பூசுவதே தனித் தொழில் என்பதை ஏர் லிவரி கதையில் பார்த்தோம். 2018 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்ற ஐந்து மையங்கள்தான் இருக்கின்றன. மதுரைக்குத் தெற்கே ஒன்றும் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும். போகிறவன் உரிமத்தோடு போகட்டும்.

ஏ.எம்.இ. படிப்புக்குப் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ-வின் 'கார் 147' அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்று டிஜிசிஏ இணையதளப் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். கல்லூரி காட்டும் நகலை நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் எல்லா மாட்யூலும் தேறினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நேரடி விமானப் பயிற்சிக்கு எந்தப் பட்டறையோடு ஒப்பந்தம் இருக்கிறது, அந்தப் பட்டறை இப்போது யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.